சீட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு: தென்னிந்தியக் கிரெட்டேசியப் புதைபடிவங்களும் அருங்காட்சியகப் பதிவுகளின் மின்னாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

அருங்காட்சியகத்தின் புதைபடிவத் தொகுப்பை இணையத் தரவுத்தளமாக ஆக்கும் பணி, கற்களைப் படமெடுத்து வரிசைப்படுத்தும் பணியாகப் பலராலும் கருதப்படுகிறது. உண்மையில் அது ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய சான்றையும், அச்சான்றின்மேல் காலந்தோறும் ஏற்றப்பட்ட விளக்கங்களையும் பிரித்துப் பதியும் பணியாகும். அரியலூர், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரிப் பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டில் திரட்டப்பட்ட கிரெட்டேசியக் காலப் புதைபடிவங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பணியின் முறைகளையும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. இத்தொகுப்புகளின் மின்னாக்கத்தில் தமிழ் ஊர்ப்பெயராய்வுக்கு நேரடிப் பங்கு உண்டு என்பதும் இதில் நிறுவப்படுகிறது.

குறிச்சொற்கள்: புதைபடிவம், அருங்காட்சியகம், தரவுத்தளம், மின்னாக்கம், அரியலூர், ஊர்ப்பெயர்

முன்னுரை

எகிப்தில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு ஸ்பினோசாரஸ் என்னும் டைனோசரை 1915ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் விவரித்தார். மியூனிக் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அவ்வெலும்புகள் 1944 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தன. அதன் பின்னர் ஆய்வாளர்களுக்கு எஞ்சியவை அவர் அச்சிட்ட விளக்கமும் வரைபடங்களுமே. அம்மாதிரியின் ஒளிப்படங்கள் இரண்டு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு 2006இல் வெளியிடப்பட்டபோது, அவையே பெரும் சான்றாகக் கொள்ளப்பட்டன. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் உள்ள பிரேசில் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 2 கோடிப் பொருள்களைக் கொண்டிருந்த அதன் தொகுப்பில் பெரும்பகுதி அழிந்தது.

தீயும் போரும் அருங்காட்சியகத் தொகுப்புகளை ஒரே இரவில் அழிப்பவை. ஆரவாரமின்றி நிகழும் அழிவும் ஒன்று உண்டு. மாதிரியோடு இணைந்த சீட்டு பூச்சியரித்துப் போகலாம், மை மங்கலாம், பதிவேட்டின் பக்கம் கிழிந்து போகலாம். கல் அப்படியே இருக்கும். ஆனால் அது எங்கே, எந்தப் பாறையடுக்கில், யாரால் எடுக்கப்பட்டது என்பது தெரியாமற்போகும். இவ்விரு வகை இழப்புக்கும் எதிரான காப்பாகவே தரவுத்தளம் அமைகிறது. எனினும் பிழையோடு பதியப்படும் தரவுத்தளம் அவ்விழப்பை மறைத்துவிடவும் கூடும். ஆகவே எதைப் பதிவது என்பதைக் காட்டிலும் எவ்வாறு பதிவது என்பதே முதன்மையான வினாவாகிறது.

மாதிரியும் சீட்டும்

புதைபடிவத்தின் அறிவியல் மதிப்பு அதன் உருவத்தில் மட்டும் இல்லை. ஓர் அம்மோனைட்டு ஓட்டின் வடிவத்தைக் கொண்டு அதன் இனத்தை ஓரளவு அறியலாம். அது வாழ்ந்த கடல் எங்கிருந்தது, அக்கடலில் உடன் வாழ்ந்தவை எவை, அவ்வினம் எப்போது தோன்றி எப்போது மறைந்தது ஆகிய வினாக்களுக்கு விடை, அது எடுக்கப்பட்ட இடத்தையும் அடுக்கையும் சார்ந்தது. சீட்டிழந்த மாதிரி காட்சிப்பொருளாக நிலைக்கும், சான்றாக நிலைக்காது.

அருங்காட்சியகங்களில் உள்ள இத்தகைய தகவலில் மிகப் பெரும்பகுதி இழுப்பறைகளிலேயே தங்கிவிடுகிறது. வட அமெரிக்கப் பசிபிக் கரையோரக் கடல்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களின் புதைபடிவங்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு இதனை அளந்து காட்டியது. ஒன்பது நிறுவனங்களின் தொகுப்புகளில் இருந்த புதைபடிவ இடங்களின் எண்ணிக்கை, ஆய்விலக்கியத்தைத் திரட்டி அமைக்கப்பட்ட பாலியோபயாலஜி டேட்டாபேஸ் என்னும் தரவுத்தளத்தில் இருந்ததைப் போல் 23 மடங்காக இருந்தது. அறியப்பட்ட இடங்களில் அச்சேறியவை 3 முதல் 4 விழுக்காடே என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. வெளியிடப்பட்ட நூல்களையும் கட்டுரைகளையும் மட்டும் நம்பித் தொல்லுயிர் வரலாறு எழுதுவோர் எவ்வளவு சிறிய பகுதியை வைத்து எழுதுகின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

தென்னிந்தியத் தொகுப்புகளின் வரலாறு

1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த கே, கன்லிஃப் ஆகிய இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டி இலண்டன் நிலவியல் கழகத்திற்கு அனுப்பினர். அவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். 1911இல் அக்கழகம் தன் அருங்காட்சியகத்தைக் கலைத்தபோது, அதன் வெளிநாட்டு மாதிரிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. ஆகவே ஒரே கல்லுக்குக் கழகம் இட்ட எண் ஒன்றும் அருங்காட்சியகம் இட்ட எண் ஒன்றும் உள்ளன.

1851இல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பகுதியை 1857 முதல் அளவாய்வு செய்து, பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பகுத்தார். அவ்வளவாய்வில் திரட்டப்பட்டவற்றின் பெரும்பகுதியை ஃபெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா விவரித்தார். ‘பாலியோண்டோலாஜியா இண்டிகா’ வரிசையில் 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் வெளியான அப்பெருந்தொகுதிகள் இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றுக்கு அடிப்படையான வகைமாதிரிகள் கொல்கத்தாவில் உள்ளன. 1890களில் ஆஸ்திரிய அறிஞர் ஃபிரான்ஸ் கோஸ்மாட் இவ்வம்மோனைட்டுகளை மீண்டும் ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதினார்.

இவ்வாறு, ஒரே நிலப்பகுதியின் புதைபடிவங்கள் வெவ்வேறு நாடுகளின் நிறுவனங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய எழுத்துகளும் வெவ்வேறு மொழிகளில் அமைந்துள்ளன. அவற்றை ஒருங்கே காண்பதற்குப் பயணம் அன்றி வேறு வழி நெடுங்காலம் இருக்கவில்லை. இணையத் தரவுத்தளம் அத்தடையை நீக்கவல்லது.

பொதுத் தர அமைப்பு

வெவ்வேறு அருங்காட்சியகங்களின் பதிவுகள் ஒன்றோடொன்று பேசவேண்டுமாயின் அவை பொதுவான கட்டமைப்பில் இருத்தல் வேண்டும். உயிரியல் பன்மைத் தரவுகளுக்கென அமைந்த ‘டார்வின் கோர்’ என்னும் தரம் 2009இல் முறைப்படி ஏற்கப்பட்டது. 2001இல் தொடங்கப்பட்ட ஜிபிஐஎஃப் என்னும் பன்னாட்டு அமைப்பு, இத்தரத்தில் அமைந்த பதிவுகளை உலகெங்கிலுமிருந்து பெற்று ஒரே தேடலில் கிடைக்கச் செய்கிறது.

இத்தரத்தில் ஒவ்வொரு மாதிரியும் பல புலங்களாகப் பகுக்கப்படுகிறது. பட்டியல் எண், முந்தைய எண்கள், அறிவியற்பெயர், முந்தைய இனங்காணல்கள், வகைமாதிரி நிலை, திரட்டியவர், திரட்டிய நாள், பாறைத்தொகுதி, நிலவியற் காலம் எனத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. இடத்தைக் குறிக்க இரண்டு புலங்கள் இருப்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. சீட்டில் எழுதியுள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுப்பதற்கு ஒன்று. அதனை இன்றைய வழக்கிற்கேற்பத் திருத்தி எழுதுவதற்கு மற்றொன்று. சுவடிப் பதிப்பில் மூலபாடத்தையும் பதிப்பாசிரியரின் திருத்தப்பாடத்தையும் பிரித்துக் காட்டும் நெறியோடு இது ஒத்தது. பதிப்பாசிரியர் தம் திருத்தத்தை மூலத்தின்மேல் எழுதிவிட்டால் பின்வருவோர் அத்திருத்தத்தைச் சோதிக்க இயலாது. தரவுத்தளத்திற்கும் இது பொருந்தும்.

பெயரும் காலமும்

புதுச்சேரி மாதிரிகளுக்குப் பெயரிட்டபோது ஃபோர்ப்ஸ் இந்தியத் தெய்வங்களின் பெயர்கள் சிலவற்றைப் பயன்படுத்தினார். ‘அம்மோனைட்டிஸ் இந்திரா’, ‘அம்மோனைட்டிஸ் பிரம்மா’ என்பன அவற்றுள் இரண்டு. பின்னர்க் கோஸ்மாட் முன்னதைச் சூடோஃபில்லைட்டிஸ் என்னும் பேரினத்திலும் பின்னதைப் பிரம்மைட்டிஸ் என்னும் பேரினத்திலும் வைத்தார். இன்று ‘சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா’ மடகாஸ்கர், தென்னாப்பிரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலிருந்தும் அறியப்பட்டுள்ளது. இழுப்பறைச் சீட்டில் உள்ள 1846ஆம் ஆண்டுப் பெயரை மட்டும் பதிந்தால், இன்றைய பெயரைக் கொண்டு தேடும் ஆய்வாளருக்கு அம்மாதிரி அகப்படாது. இன்றைய பெயரை மட்டும் பதிந்தால், ஃபோர்ப்ஸின் அறிக்கையோடு அதனை ஒப்பிட இயலாது. எனவே பெயர் ஒவ்வொன்றும், அதனை இட்டவரும் ஆண்டும் சுட்டப்பட்டு, வரலாறாகவே பதியப்படுதல் வேண்டும்.

இனங்காணல் முடிவுறாத நிலையில் இந்நெறி மேலும் இன்றியமையாததாகிறது. திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறைகளில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு 1979இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் ‘திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி’ என்னும் தகட்டு டைனோசரை விவரித்தனர். இவை பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எச்சங்கள் என 1996இல் சட்டர்ஜியும் ருத்ராவும் கருத்துரைத்தனர். தரவுத்தளம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை நீக்குமாயின் அது ஆய்வுக்குரிய வினாவை நிர்வாக முடிவாக மாற்றிவிடும். இரு கருத்துகளும் உரியவர் பெயரோடு பதிவில் நிற்பதே முறை.

காலத்தைப் பற்றிய புலத்திலும் இச்சிக்கல் உண்டு. புதுச்சேரிப் படிவுகள் கிரெட்டேசியக் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தவை என ஃபோர்ப்ஸ் எண்ணினார். அவர் ஆராய்ந்த அம்மோனைட்டுகள் அக்காலத்தின் இறுதிக் கட்டமாகிய மாஸ்டிரிக்டியனைச் சேர்ந்தவை என்பது இன்றைய முடிவு. அதாவது ஏறத்தாழ 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பழஞ்சீட்டில் உள்ள காலக்குறிப்பை அறிந்த உண்மையாகக் கொண்டு கணினியில் ஏற்றினால், உலகளாவிய பகுப்பாய்வுகளில் இவ்வினங்கள் பல கோடி ஆண்டுகள் முன்னதாகத் தோன்றியவையாகக் கணக்கிடப்படும். காலம் என்பது கணிப்பு. இடமும் அடுக்கும் சான்று. சான்று பிழையின்றிப் பதிந்திருந்தால் கணிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்ச் சிக்கல்

சான்றாகிய இடக்குறிப்பைப் படிப்பதும் எளிதன்று. 19ஆம் நூற்றாண்டுச் சீட்டுகளில் தமிழ் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலேயர் செவிக்கு எட்டியவாறு எழுதப்பட்டன. பிளான்ஃபோர்டு தம் முதல் தொகுதிக்குப் பெயராக வைத்த ஊட்டத்தூர், ஆங்கில ஆய்வெழுத்துகளில் பல வடிவங்களில் வழங்குகிறது. சிலவற்றில் ஒற்றெழுத்துகள் இரட்டித்துள்ளன. சிலவற்றில் ஒற்றையாகவே நிற்கின்றன. டகரத்திற்கும் தகரத்திற்கும் ஒரே ஆங்கில எழுத்து ஆளப்படுவதால், ஆங்கில வடிவத்தை மட்டும் அறிந்தவர் மூலப்பெயரை மீட்க இயலாது. கணினிக்கோ இவ்வடிவங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊர். ஒரே ஊரின் மாதிரிகள் தேடலில் பல ஊர்களாகப் பிரிந்து நிற்கும்.

ஒரு பெயர் பலவற்றைக் குறிப்பதும் உண்டு. சீட்டில் ‘திருச்சிராப்பள்ளி’ என்று மட்டும் இருந்தால் அது நகரமாகலாம், மாவட்டமாகலாம், பாறைத்தொகுதியாகலாம். நகரமோ மிகத் தொன்மையான படிகப் பாறைகளின்மேல் அமைந்தது. அங்குக் கிரெட்டேசியப் புதைபடிவம் கிடைக்க வழியில்லை. அக்காலப் பாறைகள் நகரின் வடகிழக்கே தொலைவில்தான் தொடங்குகின்றன. நிலப்படத்தில் நகரின் நடுவே புள்ளியிட்டால், அம்மோனைட்டு மலைக்கோட்டையின் அடியில் கிடைத்ததாகப் பொருள்படும். ‘புதுச்சேரி’ என்ற குறிப்பும் இத்தகையதே. புதைபடிவம் தரும் பாறைகள் வழுதாவூரை ஒட்டிய உள்நிலப் பகுதியைச் சார்ந்தவை. கடற்கரை நகரின் நடுப்பகுதியைச் சார்ந்தவையல்ல.

சாத்தனூர் என்னும் பெயர் மற்றொரு வகைச் சிக்கலைக் காட்டுகிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் உள்ள சாத்தனூர் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. அணையால் அறியப்பட்ட சாத்தனூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. திருமூலர் வரலாற்றோடு தொடர்புடைய சாத்தனூர் காவிரிக் கரையினது. தானியங்கி முறையில் ஊர்ப்பெயருக்கு அகலாங்கு நெட்டாங்கு காணும் மென்பொருள் இவற்றுள் எதனையும் தேர்ந்தெடுக்கக்கூடும்.

ஆட்சி எல்லைகளும் மாறிவந்துள்ளன. தென்னார்க்காடு 1993இல் பிரிக்கப்பட்டது. பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி தனி மாவட்டமாயிற்று. ஒரே இடத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மாதிரிகள் மூன்று மாவட்டப் பெயர்களில் பதிவாகியிருக்க இது இடமளிக்கிறது. அரசியலும் இதில் கலந்துள்ளது. கல்லக்குடிக்கு இடப்பட்ட டால்மியாபுரம் என்னும் பெயரை எதிர்த்து 1953இல் நடந்த போராட்டம் தமிழக வரலாற்றில் இடம்பெற்றது. நிலவியலிலோ டால்மியாபுரம் படிவம் என்னும் பெயர் ஆய்வுக் கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது. பாறையின் பெயரை மாற்றுவது ஆய்வுத் தொடர்ச்சியை அறுக்கும். ஊரின் பெயரை விடுவது இடத்தை மறைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் புலம் அமைப்பதே தீர்வு.

இடத்தைப் புள்ளியாக மட்டும் குறிக்காது, அப்புள்ளியைச் சுற்றிய ஐயப்பாட்டு ஆரத்தையும் சேர்த்துக் குறிக்கும் முறை 2004இல் முன்வைக்கப்பட்டு இன்று பரவலாக வழங்குகிறது. ‘காரைக்குக் கிழக்கே’ என்ற குறிப்புக்கு ஆரம் சில கிலோமீட்டராக இருக்கலாம். ‘திருச்சிராப்பள்ளி’ என்ற குறிப்புக்குப் பல பத்துக் கிலோமீட்டராகலாம். அவ்வாரத்தைக் குறுக்கவல்லவர்கள் ஊர்ப்பெயராய்வாளர்களே. பழைய நிலவரைபடங்கள், வருவாய்த்துறை ஆவணங்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றில் பயிற்சியுள்ள தமிழாய்வாளர் ஒருவர் சிதைந்த ஆங்கில வடிவத்திலிருந்து ஊரை மீட்டெடுக்கும்போது, அவர் செய்வது தொல்லுயிரியலுக்கான பங்களிப்பாகவே அமைகிறது.

பணியின் படிநிலைகள்

முதலில் தொகுப்பு முழுவதும் இழுப்பறை வாரியாகக் கணக்கெடுக்கப்படுகிறது. வகைமாதிரிகளும், அச்சேறிய ஆய்வுகளில் படமாக்கப்பட்டவையும் முன்னுரிமை பெறுகின்றன. அடுத்து மாதிரியும் அதனோடுள்ள எல்லாச் சீட்டுகளும் அளவுகோலுடன் படமெடுக்கப்படுகின்றன. சீட்டின் பின்புறமும் இதில் அடங்கும். விலைக்குறிப்போ பழைய எண்ணோ அங்கே இருக்கலாம். பின்னர் எழுத்துகள் படியெடுக்கப்பட்டு மற்றொருவரால் ஒப்புநோக்கப்படுகின்றன. அதன் பின்னரே பெயர், காலம், இடம் ஆகியவற்றின் விளக்கப் புலங்கள் நிறைவு செய்யப்படுகின்றன. விளக்கம் தந்தவர் பெயரும் நாளும் உடன் குறிக்கப்படுகின்றன. படிக்க இயலாத பகுதி வெற்றிடமாக விடப்படாது, படிக்க இயலவில்லை என்ற குறிப்போடு பதியப்படுகிறது. வெற்றிடம் தகவல் இல்லாமையையும் குறிக்கலாம், பணி முடியாமையையும் குறிக்கலாம் என்பதே இதற்குக் காரணம்.

படங்களும் முப்பரிமாண வருடல்களும் பெரிதும் உதவுவன. 19ஆம் நூற்றாண்டுக் கற்பதிவுப் படங்களில் ஓவியர் சிதைந்த பகுதிகளை நிறைவு செய்து வரைவது வழக்கிலிருந்தது. மாதிரியின் ஒளிப்படம் அருகில் இருந்தால் வரைந்தது எது, உள்ளது எது என்பது விளங்கும். ஆயினும் படம் மாதிரிக்கு மாற்றாகாது. ஓட்டின் வேதியியலும் நுண்ணமைப்பும் கல்லில்தான் உள்ளன.

திறப்பும் காப்பும்

எல்லாத் தரவையும் எல்லார்க்கும் திறந்துவிடுதல் நன்மையே பயக்கும் எனக் கொள்ள இயலாது. துல்லியமான இடக்குறிப்பு ஆய்வாளருக்குப் பயன்படுவது போலவே புதைபடிவம் தோண்டி விற்போருக்கும் பயன்படும். 2009ஆம் ஆண்டு அமெரிக்கத் தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிலங்களின் புதைபடிவ இட விவரங்களைப் பொதுவெளியில் வெளியிடாது காக்க வழி செய்துள்ளது. பொதுத்தளத்தில் தோராய இடத்தைக் காட்டி, துல்லியமான விவரத்தை ஆய்வாளர் வேண்டுகோளின்பேரில் தருவது பல நிறுவனங்களின் நடைமுறை. அவ்வாறு மறைக்கப்பட்டுள்ளது என்பதைப் பதிவிலேயே கூறிவிட வேண்டும். இல்லையெனில் தோராய இடத்தைத் துல்லியமானதாகக் கருதிப் பகுப்பாய்வு செய்யும் பிழை நேரும்.

அரியலூர்ப் பகுதியில் மற்றொரு நெருக்கடியும் உண்டு. புதைபடிவம் தாங்கிய சுண்ணாம்புக்கல்லே சிமெண்ட்டு உற்பத்திக்கும் மூலப்பொருள். சுரங்கம் புதிய அடுக்குகளை வெளிக்காட்டுகிறது. அவ்வடுக்குகளை அகற்றியும் விடுகிறது. வெட்டி முடிக்கப்பட்ட இடத்திற்கு அருங்காட்சியக மாதிரியும் அதன் பதிவுமே எஞ்சிய சான்றாகும்.

தரவு யாருக்குப் பயன்படுகிறது என்ற வினாவும் தவிர்க்க இயலாதது. உலகப் புதைபடிவத் தரவில் 97 விழுக்காடு உயர் வருமான, உயர் நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்களால் அளிக்கப்பட்டது என்று 2021 இறுதியில் வெளியான ஆய்வு காட்டியது. தென்னிந்திய மாதிரிகளை ஆராய இலண்டனுக்குச் செல்ல இயலாத மாணவருக்கு இணையப் பதிவு வாயிலைத் திறக்கிறது. ஆனால் அப்பதிவில் ஊரின் பெயர் சிதைந்த வடிவிலேயே இருந்தால், அவ்வூர் மாணவரே தம் ஊரைத் தேடிக் காண இயலாது. இடப்பெயரைத் தமிழ் எழுத்திலும் பதிவது பண்பாட்டு உரிமை மட்டுமன்று. தரவின் துல்லியத்திற்கும் தேவையானது.

முடிவுரை

புதைபடிவத் தரவுத்தளத்தின் தரம் அதில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. சீட்டில் இருந்தது எது, பின்னர் கருதப்பட்டது எது என்பதை ஒவ்வொரு பதிவிலும் பயனர் பிரித்தறிய முடிகிறதா என்பதே அதன் அளவுகோல். தென்னிந்தியக் கிரெட்டேசியத் தொகுப்புகளில் பெயர்கள் மாறின, காலக் கணிப்புகள் மாறின, மாவட்டங்கள் மாறின. சில இடங்கள் நிலத்திலிருந்தே மறைந்து வருகின்றன. மாறாதிருப்பவை கல்லும், அதனோடு இணைந்த சில சொற்களுமே. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் நிலவியல் மாதிரிகளைக் கொண்டே தொடங்கப்பட்டது. அருங்காட்சியக நிலவியலாளரும் தமிழ் ஊர்ப்பெயராய்வாளரும் இணைந்து, ஒரு பாறைத்தொகுதியின் சீட்டுகளை மட்டுமேனும் எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள இடப்பெயர் வடிவங்களை இன்றைய ஊர்களோடு பொருத்தும் அட்டவணையை உருவாக்குவது இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க முதற்பணியாகும். அத்தகைய அட்டவணை எந்த நாட்டில் உள்ள தொகுப்புக்கும் பயன்படும்.